வெட்டாத கத்தி

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டீட்டிகோனில் ஆராதனை முடிந்து எல்லாரும் தேநீரும் ரோல்ஸுமாக நின்றுகொண்டிருந்தோம். எங்கள் வாலிபர் கூட்டத்துத் தம்பி ஒருவன் மெதுவாக என் பக்கம் வந்து, ஜக்கெற் பொக்கற்றிலிருந்து பளபளப்பான ஒரு சிறு உலோகத் துண்டை எடுத்து நீட்டினான். விரல் அளவு நீளம், ஒரு பக்கம் மரை வெட்டியிருந்தது, மற்றப் பக்கம் கூர்.

"அக்கா, இது என்ரை ரெண்டு கிழமை வேலை. குப்பைக்குத்தான் போகவேணும்."

"ஏன்டா, வடிவாத்தானே இருக்கு?"

"வடிவா இருக்கு. ஆனா கடினமாகேல்லை. அரத்தாலை தேய்ச்சா வெண்ணெய் மாதிரிப் போகுது."

அவன் பொலிமெக்கானிக்கர் லேரை செய்கிறான், இரண்டாம் வருடம். உணவு பொதிசெய்யும் இயந்திரம் ஒன்றுக்கு, பிளாஸ்ரிக் தாளைத் துளைக்கும் ஊசிகள் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். உணவு படும் இடம் என்பதால் கறள் பிடிக்கக் கூடாது. ஆயிரக்கணக்கான தடவை குத்தவேண்டும் என்பதால் கடினமாகவும் இருக்கவேண்டும். ராக்கையில் ஒரே தடிப்பில் இரண்டு உருண்டைக் கம்பிகள் இருந்தன, இரண்டும் கறள் பிடிக்காத உருக்கு, இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல. இவன் பிழையானதை எடுத்துவிட்டான். அழகாகக் கடைந்து, மரை வெட்டி, உலையில் வைத்து எடுத்தால் போனபடியே மென்மையாகத் திரும்பி வந்திருக்கிறது. வேலையிடத்தில் பேச்சு விழுந்திருக்கிறது. வீட்டில் அம்மா, "அப்பவே சொன்னனான், கிம்னாசியம் போயிருந்தா இந்த இரும்போடை மாரடிக்கத் தேவையில்லை" என்று சொல்லியிருக்கிறார். லேரையை விட்டுவிடலாமா என்ற எண்ணத்தில் நின்றான்.

நான் ஒரு தாதி. உருக்கைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று கேட்பீர்கள். ஆனால் நாள் முழுக்க என் கையில் இருப்பது அதுதான். இந்த உருக்கு என்னையும் ஒருமுறை ஏமாற்றியிருக்கிறது.

தாதிப் படிப்பின் ஆரம்பக் காலம். ஒரு வைத்தியசாலையில், பெயர் வேண்டாம், காயம் கட்டப் பாவித்த கத்தரிக்கோல்களையும் சாவணங்களையும் ஒரு கிண்ணத்து உப்புநீர்க் கரைசலில் போட்டுவிட்டு வேறு அவசரத்துக்கு ஓடினேன். அது வெள்ளிக்கிழமை பின்னேரம். திங்கட்கிழமை வந்து பார்த்தால் கத்தரிக்கோலின் அலகிலும் பூட்டுப் பகுதியிலும் மண்ணிறப் புள்ளிகள். துடைத்தால் போகவில்லை, ஊசி முனையளவு குழிகள் விழுந்திருந்தன. கிண்ணம் அதே மாதிரியான பளபளப்பு உருக்கு, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. "இது ரோஸ்ட்ஃப்ரை என்றுதானே எழுதியிருக்கு?" என்று நான் கேட்டதற்கு, பொறுப்பாக இருந்த மூத்த தாதி, "எழுதியிருக்கிறது உண்மைதான், பாதி உண்மை" என்றார்.

மற்றப் பாதி என்ன என்று தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரையின் சமாச்சாரம் எனக்குக் கிடைத்தது.

எங்கள் அம்மாமார் எவர்சில்வர் என்பார்கள், ஊர்ப் பாடப்புத்தகத்தில் கறையில் உருக்கு, இங்கே வேலையிடத்தில் குரோம்ஷ்டால். பெயர் ஒன்றாக இருந்தாலும் அதற்குள் பல சாதி உண்டு. கறள் பிடிக்காமல் இருக்கக் காரணம் குரோமியம். உருக்கில் ஏறத்தாழ 10.5 வீதத்துக்கு மேல் குரோமியம் கலந்திருந்தால், அது காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய போர்வை ஒன்றை மேற்பரப்பில் உண்டாக்கும். கீறினாலும் தானாகவே திரும்ப மூடிக்கொள்ளும். சரி, கடினத்தைக் கொடுப்பது எது? காபன். கொல்லன் காலம் காலமாகச் செய்வது அதைத்தான்: காபன் உள்ள உருக்கைச் சிவக்கக் காய்ச்சி, திடீரென்று குளிரவைப்பது. ஊரில் தோய்ச்சல் என்பார்கள், இங்கே ஹெர்ட்டன்.

சிக்கல் என்னவென்றால் காபனுக்கும் குரோமியத்துக்கும் ஒன்றின்மேல் ஒன்று அதிக ஆசை. இரண்டும் சேர்ந்து சிறு மணிகளாகத் திரண்டுவிடும். அப்படித் திரண்ட குரோமியம் போர்வை நெய்ய வராது. ஆக, கத்திக்குக் காபன் வேண்டும், காபன் கூடினால் கறளுக்கு எதிரான காவல் குறையும். கிண்ணத்துக்குக் கூர் தேவையில்லை. அதனால் அதற்குக் காபனை மிகக் குறைத்து, குரோமியத்தோடு நிக்கலையும் தாராளமாகப் போட்டிருக்கிறார்கள். கத்தரிக்கோல் வெட்டவேண்டும். உப்புநீர் போர்வையைத் துளைக்கிற பொருள், பலவீனமான போர்வையில் முதலில் ஓட்டை விழுகிறது. கூரும் கறள் பிடிக்காத தன்மையும் ஒரே துண்டில் வேண்டும் என்றால் இரண்டிலும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கவேண்டும். அந்த அளவைக் கண்டுபிடிக்க மனிதருக்கு நூறு வருடத்துக்குமேல் பிடித்தது. அந்தக் கதை தொடங்கும் இடம் ஷெஃபீல்டும் இல்லை, ஜேர்மனியும் இல்லை.

சேலம் பக்கத்துக் கொல்லர்கள் உருக்குச் செய்த முறையை ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார். சிறு சிறு தேனிரும்புத் துண்டுகளை ஒரு களிமண் மூசைக்குள் போடுவார்கள். அதோடு காய்ந்த ஆவாரங் கட்டை கொஞ்சம். மேலே எருக்கிலை. வாயைக் களிமண்ணால் அடைத்து, இப்படி 20க்கு மேற்பட்ட மூசைகளை ஒரே உலையில் அடுக்கி, கரி போட்டு, துருத்தியால் இரண்டரை மணி நேரம் போல் ஊதுவார்கள். ஆவாரங் கட்டையும் எருக்கிலையும் மூடிய பாத்திரத்துக்குள் காபனாகி இரும்புக்குள் ஏறும். ஆறிய பின் மூசையை உடைத்தால் உள்ளங்கைக்குள் அடங்கும் உருக்குக் கட்டி ஒன்று. காபன் என்ற சொல்லே தெரியாமல் காபனின் அளவைக் கைப்பிடியால் அளந்தவர்கள் அவர்கள். எருக்கிலை என்றால் எங்கள் ஊர் வேலியோரத்தில் ஆடுகூடச் சீண்டாமல் நிற்கிற அதே எருக்கு!

இது சேலத்தோடு நின்ற வேலையும் இல்லை. ஈரோட்டுப் பக்கம் நொய்யல் ஆற்றங்கரைக் கொடுமணலில் அகழ்ந்தபோது, கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலம் தொட்டு இரும்பும் உருக்கும் செய்த உலைகளின் எச்சங்கள் கிடைத்தன. இலங்கையில் பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவெவவில் மலைச்சரிவு நெடுகிலும் பழைய உலைகள். துருத்தி இல்லாமல், பருவக்காற்றே ஊதுகிறமாதிரி அமைத்தவை, 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை எரிந்தவை. கில் ஜூலெஃப் என்ற ஆய்வாளர் அதே மாதிரி உலை கட்டி எரித்துப் பார்த்து, காபன் மிகுந்த உருக்கு அதில் வருகிறது என்று 1996இல் எழுதினார்.

இந்த இந்திய உருக்குக்கு ஐரோப்பியர் வைத்த பெயர் வூட்ஸ். கன்னடத்திலும் தெலுங்கிலும் உள்ள உக்கு என்ற சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். எங்கள் உருக்கும் அதன் உறவுதான். 1794இல் பம்பாயிலிருந்து வைத்தியர் ஹெலெனஸ் ஸ்கொட் அதன் மாதிரிகளை இலண்டனுக்கு அனுப்பினார். அடுத்த வருடமே ஜோர்ஜ் பியர்சன் அதை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். ஆனால் அந்தக் கட்டியைப் பார்த்து அதிகம் ஆசைப்பட்டவர் ஒரு கத்திக் கொல்லர், ஜேம்ஸ் ஸ்டோடார்ட். இலண்டனில் சத்திரசிகிச்சைக் கருவிகள் செய்பவர். தான் பாவித்த உருக்குகளில் இதைப்போல் கூர் நிற்பது வேறில்லை என்பது அவருடைய எண்ணம். என் மேசையில் இருக்கும் கத்திகளின் பாட்டன் முறையான ஒன்று, தென்னாசியக் கொல்லன் ஒருவனின் மூசையிலிருந்து போன கட்டியில் செய்யப்பட்டிருக்கிறது என்பதை வாசித்த அன்று இரவு எனக்கு நித்திரை வரப் பிந்தியது.

ஸ்டோடார்ட்டோடு சேர்ந்தவர் மைக்கேல் ஃபரடே. மின்சாரத்துக்காகப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற அதே ஃபரடே. கொல்லனின் மகன், புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகினவர், சண்டமேனியன் என்ற சிறு கிறிஸ்தவ சபையில் பிறந்து பின்னாளில் அதன் மூப்பராகவும் இருந்தவர். பல்கலைக்கழகம் போகவில்லை. இவர் 1819இல் வூட்ஸைப் பகுத்து ஆராய்ந்து, அதன் சிறப்புக்குக் காரணம் உள்ளே கலந்திருக்கும் அலுமினியம் என்று முடிவு சொன்னார். அது பிழை. ஆனால் அந்தப் பிழை ஒரு நல்ல கேள்வியைப் பெற்றது: வேறொரு உலோகத்தைக் கலந்தால் உருக்கு மாறும் என்றால், வேறு எவற்றையெல்லாம் கலந்து பார்க்கலாம்? 1820இலும் 1822இலும் ஸ்டோடார்ட்டும் அவரும் வெள்ளி, பிளாட்டினம், ரோடியம், நிக்கல், குரோமியம் என்று ஒவ்வொன்றாகக் கலந்து பார்த்ததை வெளியிட்டார்கள். குரோமியத்தில் அவர்களுக்கு முன்னோடி பிரான்சின் பியர் பெர்த்தியே. குரோமியம் கலந்த இரும்பை அமிலம் இலகுவில் அரிப்பதில்லை என்று 1821இலேயே அவர் கண்டு, கத்தியும் சவரக்கத்தியும் செய்து பார்த்திருந்தார். ஆனால் அவர் கத்திக்குப் போட்ட குரோமியம் ஒன்றரை வீதத்துக்குள். பத்துக்கு மேல் போகவேண்டும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

இந்தச் செய்தி சுவிசுக்கும் உடனே வந்தது. ஃபரடே தன் உருக்கு வேலையை விவரித்து 1820இல் ஜெனீவாவில் இருந்த பேராசிரியர் தெ லா ரீவுக்குக் கடிதம் எழுதினார். ஷாஃப்ஹவுசனில் யோஹான் கொன்ராட் ஃபிஷர் என்ற செம்புக் கொல்லர் 1802இல் ம்யூலன்தால் பள்ளத்தாக்கில் உருக்காலை தொடங்கி, மூசை உருக்குச் செய்து வந்தார். இங்கிலாந்துக்குப் பலமுறை போய், பார்த்ததையெல்லாம் நாட்குறிப்பில் எழுதிவந்த மனிதர். உருக்கில் நிக்கல் கலந்து அதற்கு எரிகல் உருக்கு என்று பெயரிட்டார், விண்ணிலிருந்து விழும் இரும்பில் நிக்கல் இருப்பதால். இன்று குழாய்ப் பொருத்துகளில் நீங்கள் பார்க்கும் கியோர்க் ஃபிஷர் என்ற கம்பனி இவர் தொடங்கிய ஆலையிலிருந்து வந்ததுதான்.

சேலத்து ஹீத்துக்கு என்ன நடந்தது என்றும் சொல்லவேண்டும். அவர் 1830 அளவில் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலை தொடங்கினார். அது நிலைக்கவில்லை. பிறகு ஷெஃபீல்டுக்குப் போய், மூசை உருக்கில் மங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்ட் உருக்குக்காரர் அந்த முறையை எடுத்துக்கொண்டார்கள், ஆனால் பணம் கொடுக்க மறுத்தார்கள். வழக்கு வழக்காகப் போட்டே சொத்தை இழந்து 1851இல் இறந்தார். சேலத்துக் கொல்லர்களோ வழக்குப் போடவும் இடமில்லாதவர்கள். கப்பலில் வந்திறங்கிய மலிவான இரும்புக்கு முன் அவர்களின் உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. 1 சாமுவேல் 13ஆம் அதிகாரத்தில், தேசத்தில் கொல்லனே இல்லாமல், இஸ்ரவேலர் தங்கள் கோடரியைத் தீட்டப் பெலிஸ்தரிடம் போய்க் கூலி கொடுத்து நின்றதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

இனி ஷெஃபீல்டுக்கு வருவோம், இந்தக் கதையில் எனக்குப் பிடித்த மனிதரிடம். ஹரி பிரியர்லி 1871இல் அந்த நகரத்தில் பிறந்தார். அப்பா மூசையில் உருக்குக் காய்ச்சும் கூலியாள். மகன் சிறுவயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போனவர், ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவும் பையனாகச் சேர்ந்தவர். கழுவிக்கொண்டே படித்து, 1908இல் பிரவுண் ஃபேர்த் ஆய்வுகூடத்தின் பொறுப்பாளரானார். 1912இல் துப்பாக்கிக் குழல்கள் உள்ளே தேய்ந்துபோகின்றன, வழி பார் என்றார்கள். அவர் குரோமியத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தார். 1913 ஓகஸ்ட் 13ஆம் திகதி வார்த்த உருக்கில் குரோமியம் 12.8 வீதம், காபன் 0.24 வீதம். நுணுக்குக்காட்டியில் பார்க்க உருக்கை அமிலத்தால் கொஞ்சம் அரிக்கவைப்பது வழக்கம். இது அரிபடவில்லை. வினாகிரி, எலுமிச்சம்புளி எதிலும் கறை பிடிக்கவில்லை. அதிகாரிகளின் தலையில் துப்பாக்கி இருந்தது, பிரியர்லியின் தலையில் சாப்பாட்டுக் கத்தி வந்துவிட்டது.

ஷெஃபீல்ட் கத்தி நகரம் அல்லவா? இரண்டு கத்திக் கம்பனிகளுக்கு மாதிரி கொடுத்தார். இரண்டும் கைவிரித்தன. இதை அடிக்க முடியவில்லை, தீட்ட முடியவில்லை, கூர் நிற்கவில்லை, கத்திக்கு உதவாது. "வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர்" என்று நகரத்தில் பகிடி பண்ணினார்கள்.

உருக்கில் பிழை இல்லை. பிழை கையில், அதிலும் கெட்டிக்காரக் கையில். சாதாரணக் கத்தி உருக்கை ஏறத்தாழ 800 பாகைக்குக் காய்ச்சித் தோய்ச்சால் போதும். ஷெஃபீல்ட் கொல்லன் அந்தச் சிவப்பு நிறத்தைக் கண்ணாலேயே அறிவான், அப்பனிடமிருந்து பழகினது. ஆனால் இந்தப் புது உருக்கில் காபனும் குரோமியமும் மணிமணியாகத் திரண்டு கிடக்கின்றன. அவை கரைய 1000 பாகை அளவு வேண்டும், செம்மஞ்சளாக ஒளிரும் சூடு. அந்தச் சூட்டில் கரைந்து, சட்டென்று குளிரும்போது இரண்டும் உள்ளேயே பிடிபட்டு நிற்கும். காபன் கடினத்தைக் கொடுக்கும், விடுபட்ட குரோமியம் போர்வையை நெய்யும். ஒரே தோய்ச்சலில் இரண்டு வரமும். பழைய சிவப்பில் நிறுத்தினால் இரண்டும் கிடைக்காது.

மூன்றாவதாக மோஸ்லி என்ற கத்திக் கம்பனியின் முகாமையாளர் ஏர்னெஸ்ட் ஸ்டுவர்ட் முயன்றார். முதல் இரண்டு தடவை அவருடைய அச்சுகள்தான் உடைந்து பழுதாகின. மூன்றாம் தடவை பிரியர்லி பக்கத்தில் நின்று சூட்டைக் கவனிக்க, நல்ல கத்திகள் வந்தன. கறை பிடிக்காதது என்ற கருத்தில் ஸ்டெயின்லெஸ் என்று பெயர் வைத்தவரும் ஸ்டுவர்ட்தான். பிரியர்லிக்குக் கம்பனியோடு உரிமை பற்றிப் பிணக்கு ஏற்பட்டு, 1915இல் விலகிவிட்டார். அவர் வார்த்த அந்த அளவுக் கலவை இன்றும் கடைசல் பட்டறைகளில் 1.4021 என்ற இலக்கத்தில் உருண்டைக் கம்பியாகக் கிடைக்கிறது, சின்ன வித்தியாசங்களோடு.

ஏறத்தாழ அதே காலத்தில், 1912இல், எஸ்ஸனில் குரூப் கம்பனி நிக்கலும் சேர்ந்த மற்ற வகைக்குக் காப்புரிமை பெற்றது. பட்டறைக்காரர் இன்றும் ஃபௌ-ஸ்வை-ஆ என்பது அதைத்தான். எங்கள் சமையலறைத் தொட்டி, இடியப்பத் தட்டு, என் உப்புநீர்க் கிண்ணம் எல்லாம் அந்த வம்சம். எவ்வளவு காய்ச்சித் தோய்ச்சாலும் அது கடினமாகாது. தம்பி எடுத்த பிழையான கம்பியும் அதுவே.

சுவிசில் எல்லார் வீட்டிலும் இருக்கும் சிவப்புக் கத்தியின் கதை உங்களுக்குக் கொஞ்சம் தெரிந்திருக்கும். கார்ல் எல்ஸனர் 1884இல் ஷ்வீஸ் மாநிலத்து ஈபாக்கில் கத்திப் பட்டறை தொடங்கினார், 1891இல் இராணுவத்துக்குக் கத்தி கொடுத்தார். 1909இல் அம்மா விக்டோரியா இறந்தபின் அவர் பெயரையே கம்பனிக்கு வைத்தார். 1921இல் கறையில் உருக்குக்கு மாறியபோது, கறள் பிடிக்காதது என்ற பிரெஞ்சுச் சொல்லின் முற்பகுதியான இனொக்ஸ் அதோடு ஒட்டி விக்டோரினொக்ஸ் ஆனது. அம்மாவும் உருக்கும் சேர்ந்த பெயர்! ஆனால் பலருக்குத் தெரியாத பகுதி 1931இல் நடந்தது. நல்ல உருக்கை வாங்கினால் போதாது, ஒவ்வொரு அலகும் ஒரே சூட்டைப் பெறவேண்டும் என்பது பிரியர்லி பட்ட பாடு. ஈபாக்கில் அதற்காக முழுவதும் மின்சாரத்தால் இயங்கும் தோய்ச்சல் உலை நிறுவப்பட்டது. உலகில் முதலாவது அது என்று கம்பனி தன் வரலாற்றில் சொல்கிறது. கட்டிக் கொடுத்தது பாடனில் இருந்த பிரவுண் பொவேரி. டீட்டிகோன் ஸ்ரேசனில் ரயில் ஏறினால் லிம்மாத் ஆற்றோடு கொஞ்ச நேரத்தில் போய் இறங்குகிற அதே பாடன். கொல்லனின் கண்ணுக்குப் பதிலாக ஒரு முள்ளும் எண்ணும் வந்தது அங்கேதான்.

என் தொழிலுக்கு அருகே வருகிற இன்னொரு பட்டறை சோலத்தூர்ன் மாநிலத்து பெட்லாக்கில் இருந்தது. 1958இல் மோரிஸ் முல்லர், மார்ட்டின் அல்கோவர், ஹான்ஸ் வில்லெனெகர், ரோபர்ட் ஷ்னைடர் முதலிய சத்திரசிகிச்சை நிபுணர்கள் பீல் நகரத்தில் கூடி, முறிந்த எலும்பைத் தகடும் திருகாணியும் வைத்துப் பொருத்தும் முறையை ஒழுங்குபடுத்த ஆ-ஓ என்ற குழுவைத் தொடங்கினார்கள். அதற்குமுன் எலும்பு முறிந்தால் மாதக்கணக்கில் கட்டிலில் கிடக்கவேண்டியதுதான், எழும்பும்போது மூட்டுகள் விறைத்திருக்கும். அவர்கள் கேட்ட கருவிகளைச் செய்துகொடுத்தவர் ரோபர்ட் மாத்தீஸ், 1946இல் சொந்தப் பட்டறை தொடங்கிய ஒரு மெக்கானிக். வைத்தியர் படம் கீறுவார், மெக்கானிக் கடைவார், சரிவராவிட்டால் திரும்பவும் கடைவார்.

அந்தக் கருவிப் பெட்டியை ஒருநாள் திறந்து பார்த்தால் நான் இவ்வளவு நேரமும் சொன்னது எல்லாம் உள்ளே அடுக்கி இருக்கும். எலும்பைத் துளைக்கும் துரப்பண ஊசி கடினமாக்கக்கூடிய உருக்கு. வேலை முடிந்ததும் வெளியே வந்துவிடும், கழுவி உலர்த்திவிடுவோம். எலும்புக்குள் நிற்கும் உருக்குத் திருகாணி மற்ற வகை: நிக்கலும் மொலிப்டினமும் சேர்ந்தது, காபன் மிகக் குறைந்தது. உடம்புக்குள் இருப்பது உப்புநீர்தானே? என் கத்தரிக்கோல் மூன்று நாளில் தோற்ற இடத்தில் அந்தத் திருகாணி வருடக்கணக்கில் நிற்கவேண்டும். அதற்குத் தோய்ச்சலால் வரும் கடினம் கிடைக்காது. குளிர்ந்த நிலையிலேயே இழுத்தும் அழுத்தியும் உறுதியாக்குகிறார்கள். கைபிடி வளையம் தங்கநிறமாக இருக்கும் ஊசிபிடிக் கருவிகளைக் கண்டிருப்பீர்கள். அது அலங்காரம் அல்ல, வாய்ப்பகுதியில் உருக்கைவிடக் கடினமான தங்குதன் காபைட்டுத் துண்டு பதித்திருக்கிறது என்பதற்கான அடையாளம். உருக்கை எவ்வளவு பதப்படுத்தியும் போதாத இடத்தில் அதை வைக்கிறார்கள்.

தம்பிக்கு இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லவில்லை, ரோல்ஸ் ஆறிவிடும். ஆனால் அடுத்த கிழமையும் அதற்கு அடுத்த கிழமையும் பேசினோம். அவன் எனக்குச் சொல்லித் தந்தது கூட. உருக்கு இலக்கத்தோடு வரும் பெயரை வாசிக்கலாமாம். 1.4034 என்ற கம்பிக்கு எக்ஸ் 46 சிஆர் 13 என்று பெயர். 46 என்றால் 0.46 வீதம் காபன், 13 என்றால் 13 வீதம் குரோமியம். சரியாகத் தோய்ச்சால் ரொக்வெல் அளவில் 55 வரை வரும், கத்திக்கும் துளை ஊசிக்கும் போதும். 1.4021இல் காபன் பாதிக்கும் குறைவு, கடினமும் குறைவு, ஆனால் இலகுவில் உடையாது, அச்சுத்தண்டு போன்றவற்றுக்கு நல்லது. 1.4125 போன்றவற்றில் காபன் ஒரு வீதமளவு, மிகக் கடினம், கறளில் கவனம் வேண்டும். அவன் பிழையாக எடுத்தது 1.4305, கடைவதற்குச் சுகமான வகை.

"அப்ப காந்தம் வைச்சுப் பாத்திருக்கலாமே?" என்றேன், எங்கோ வாசித்த பெருமையில்.

"பாக்கலாம் அக்கா. காந்தம் ஒட்டாட்டி அது கடினமாகாத சாதி எண்டு சந்தேகப்படலாம். ஆனா ஒட்டினா எல்லாம் சரியெண்டு இல்லை. 1.4016உம் ஒட்டும், அதுவும் கடினமாகாது. கம்பி முனையிலை அடிச்சிருக்கிற நிறத்தைத்தான் பாக்கவேணும்."

அங்கேதான் விசயம் இருந்தது. பட்டறையில் ஒவ்வொரு வகைக் கம்பிக்கும் ஒரு முனையில் நிறம் பூசி வைப்பார்களாம். வெட்டும்போது நிறமில்லாத முனையிலிருந்துதான் வெட்டவேண்டும், கடைசித் துண்டு வரை அடையாளம் நிற்கும். யாரோ அவசரத்தில் நிறமுள்ள பக்கத்தை வெட்டிவிட்டு மிச்சக் கம்பியைப் பெயரில்லாமல் ராக்கையில் வைத்திருக்கிறார்கள். இவன் கேட்காமல் எடுத்திருக்கிறான். இரண்டு பேர் பிழை. வைத்தியசாலையிலும் இதே கதைதான்: லேபல் இல்லாத ஊசிமருந்தை எடுத்துப் பாவிக்கக்கூடாது என்று முதல் நாளிலேயே எங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள், எவ்வளவு தெளிவாக இருந்தாலும்.

திரும்பச் செய்ய அனுமதி கேள் என்றேன். கேட்டான், கிடைத்தது. இந்த முறை 1.4034. மென்மையான நிலையில் வந்த கம்பியைக் கடைந்து, மரை வெட்டி, பிறகு தீட்டுவதற்காகச் சில பத்திலொரு மில்லிமீற்றர் கூடுதலாக விட்டிருக்கிறான், ஏனென்றால் தோய்ச்சலில் கொஞ்சம் வளையும், அதன்பின் சாணைக்கல்லைத் தவிர வேறொன்றும் அதில் ஏறாது. இந்த வகை உருக்கு சூட்டை மெதுவாகத்தான் உள்ளே எடுக்கும் என்பதால் இடையில் ஒரு சூட்டில் நிறுத்தி, பிறகு 1000 பாகைக்கு மேல் கொண்டுபோய், தோய்ச்ச கையோடு 180 பாகையில் மீண்டும் இதமாகச் சூடாக்கி ஆறவிட வேண்டும். இங்கே அன்லாஸன் என்பார்கள். அதை விட்டால் கண்ணாடி மாதிரி உடையும். அந்தச் சூட்டை 500 பாகைக்கு உயர்த்தினால் காபனும் குரோமியமும் பழையபடி கைகோத்துத் திரண்டு, கறளுக்கு வழி திறந்துவிடும். கடைசியில் நன்றாக மினுக்கவேண்டும். கடைந்த கோடுகள் இருந்தால் ஈரம் அதில் தங்கும். கடினமாக்கி மினுக்கிய பிறகுதான் இந்த உருக்கு கறளை முழுப் பலத்தோடு எதிர்க்கிறது என்பதும், வாங்கிவந்த மென்மையான கம்பியிலேயே ஈரக்கை பட்டால் கறை விழலாம் என்பதும் எனக்குப் புதிது.

போன மாதம் அவனுடைய அம்மாவும் பக்கத்தில் நிற்க, அதே ஜக்கெற் பொக்கற்றிலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்தான். பழையது ஒன்று, புதியது ஒன்று. கூடவே ஒரு சின்ன அரம். பழையதில் தேய்த்தான், பொடி கொட்டியது. புதியதையும் அரத்தையும் அம்மாவின் கையில் கொடுத்தான். அவர் ஒருமுறை இழுத்தார். அரம் வழுக்கிக்கொண்டு போனது, கீறல்கூட இல்லை.

"கண்ணாடியிலை இழுக்கிற மாதிரி இருக்கு," என்றார். இன்னொருமுறை இழுத்துப் பார்த்தார்.